பிள்ளைக்கு ஊசி உண்டு, பெற்றவளுக்கு என்ன உண்டு? போடி மலைப் பச்சை உடம்புக்காரிகள் படும் பாடு

போடிநாயக்கனூர்,

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் கொண்டுபோய் விட சர்க்கார் வண்டிகூட இருக்கிறது.

ஆனால் பெற்றவளைப் பார்த்து, “உனக்கு எப்படி இருக்கு தாயி?” என்று கேட்க ஆள் இருக்கிறதா?

போடியிலும், அதன் தலைக்கு மேலே நிற்கும் ஏலமலைச் சரிவுகளிலும் இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்காமல் விட்டால் என்ன ஆகும், கேட்ட ஊர்களில் என்ன நடந்தது என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. அந்த விவரம் வருமாறு:-

விடியற்கால ஜீப்

ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் போடி. ஊருக்குள் ஏலக்காய் கடைகளில் உட்கார்ந்து தரம் பிரிப்பவர்கள் பெண்கள். மலையில் ஏலக்காய் பறிப்பவர்களும் பெண்கள்தான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டம் தோட்டமாக வேலை. திரும்பி வீடு சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

வேலைக்குப் போனால்தான் கூலி. போகாத நாளுக்குக் காசு இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் இதே சட்டம்தான்!

பச்சை உடம்போடு ஜீப் ஏறினால் என்ன ஆகும்? செடிக்கு அடியில் குனிந்து குனிந்து பறிக்கிற வேலை. மழை, அட்டை, ஈரம். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி. வீட்டில் பிள்ளைக்குப் பாக்கெட் பால். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருப்பது சுவரிலேயே நின்றுவிடுகிறது.

தாய் வீடும் ஜீப்பில்

“இதெல்லாம் புதுசா? அந்தக் காலத்தில் பெற்றெடுக்கவில்லையா?” என்று சிலர் கேட்கலாம்.

அந்தக் காலத்தில் தாய் வீடு என்று ஒன்று இருந்தது. தலைப்பிரசவம் அங்கேதான். நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். வேது வைத்துக் குளிப்பாட்டுவார்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு, சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்ட லேகியம் என்று பத்தியச் சாப்பாடு. பிள்ளை அழுதால் தூக்க அம்மாச்சி, சின்னம்மா, அத்தை, மதினி என்று வரிசையாக ஆள்.

“தண்ணி குடிக்காதே, வயிறு போட்டுரும்” என்று தாகத்தோடு படுக்கப் போட்ட தவறும் அதில் இருந்தது. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆனாலும் அந்த நாற்பது நாள் ஏற்பாட்டில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. பெற்றவள் தனியாக இல்லை.

கூலி வேலைக் குடும்பத்தில் இன்று அந்த அம்மாச்சியும் ஜீப்பில்தான் போகிறாள்! அவள் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. மகளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வழி இல்லை.

ஆக, நாற்பது நாள் என்பது பெயருக்குத்தான். கதவைச் சாத்திய வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையும் பெற்றவளும் மட்டும்.

மலை மேலே டோலி

ஊருக்குள் இந்த நிலை என்றால், மலைக் கிராமங்களில் கேட்கவே வேண்டாம்.

போடி ஒன்றியத்தில் கொட்டக்குடி, அகமலை என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி போன்ற ஆதிவாசிக் குடிகள் உண்டு. அகமலை ஊராட்சிப் பக்கத்து மலைக் கிராமங்களில் இருந்து நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கி வந்த செய்தி பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கிறது.

இறங்கி வருவதற்கு டோலி. பெற்ற பிறகு ஏறிப் போவதற்கு?

மலைப் பகுதிகளுக்கென்று பிரசவக் காத்திருப்பு அறைகளைத் தமிழக அரசு ஏற்படுத்தியிருக்கிறது. தேதிக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். துணைக்கு ஒரு ஆளும் இருக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பிரசவம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவளும் பிள்ளையும் அதே மலைக்குத்தான் திரும்ப வேண்டும்.

சர்க்கார் தருவது என்ன?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி உதவித் திட்டம் இருக்கிறது. ஏழைத் தாய்மார்களுக்கு 2006-ல் 6 ஆயிரம் ரூபாய் ஆனது. 2011-ல் 12 ஆயிரம். 2018-ல் 18 ஆயிரம். அதில் 14 ஆயிரம் ரொக்கம். 4 ஆயிரத்துக்குச் சத்துணவுப் பெட்டகம். தவணை தவணையாக வரும். இரண்டு பிள்ளைகள் வரை.

2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் வந்தது. 16 பொருள்கள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், பொம்மை... பெற்றவளுக்கென்று அதில் ஒரு குளியல் சோப்பு, கை கழுவும் மருந்து, சௌபாக்கிய சுண்டி லேகியம்!

102 என்ற நம்பருக்குப் போன் செய்தால் தாய்-சேய் வண்டி வந்து வீடு வரை இறக்கிவிடும். காசு கிடையாது.

வீட்டுக்கு வந்து பார்க்கிற ஏற்பாடும் உண்டு. பிரசவமான 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பணியாளர் வீடு தேடிப் போக வேண்டும் என்று 2011-ல் தேசியத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். கீழே கிராம சுகாதார நர்சுகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்தத் திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘பச்சிளங்குழந்தைக்கு வீட்டில் கவனிப்பு.’ பெயரிலேயே பிள்ளைதான் இருக்கிறது. எடை போடு, தொப்புளைப் பார், சூடு பார், ஊசித் தேதி சொல் என்று வேலை வரிசை. தாய்க்கு ரத்தப்போக்கு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதும் பட்டியலில் உண்டு.

மனசு? அதை எழுத வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும். கேட்கப் பொழுது வேண்டும். சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலையில் 3 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. 3 ஆயிரம் பேர் என்றாலும் அந்த மலையில் ஒரு குடியில் இருந்து அடுத்த குடிக்கு நடக்க வேண்டாமா?

காரணம் தெரியாத அழுகை

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் பெற்றவள் காரணமில்லாமல் அழுவாள். பத்துப் பேரில் பாதிக்கு மேல் இது வரும். உடம்பில் பிரசவத்துக்குப் பிறகு ஏற்படும் மாற்றம்தான் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால்தான் விஷயம் வேறு.

எதிலும் பிடிப்பு இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை. பிள்ளையைப் பார்த்தால் பாசம் வரவில்லையே என்று பயம். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். சிலருக்குச் செத்துப்போகலாம் என்ற நினைப்பு. இதைப் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு என்கிறார்கள் டாக்டர்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? “மேலுக்கு நோகாம இருக்கா. திமிரு. வேலை செய்யக் கள்ளம்.”

இது திமிரும் இல்லை. கள்ளமும் இல்லை. வியாதி. குணமாகக்கூடிய வியாதி!

வேலூர் கணக்கு

இது பட்டணத்துப் படித்த பெண்களுக்கு வரும் வியாதி என்று நினைத்தால் தவறு.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பக்கத்தில் உள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் இதைக் கணக்கெடுத்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. கர்ப்ப காலத்திலேயே பதிவு செய்து, பிரசவத்துக்குப் பிறகு மறுபடியும் பார்த்ததில், புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்!

நாடு முழுக்க நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதில் நூற்றுக்கு 22 பேர். அதாவது ஐந்து தாய்மார்களில் ஒருத்தி.

கணியம்பாடியில் யார் யாருக்கு வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீடு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்த வீடு. மாமியாரோடு அல்லது பெற்றவர்களோடு ஒத்துப்போகாத வீடு. கர்ப்பத்தில் ஏதாவது துயரம் நடந்த வீடு. கைவேலைக்கு உதவி ஆள் இல்லாத வீடு.

இந்தப் பட்டியலைப் போடிச் சரிவில் வைத்துப் பார்த்தால் எத்தனை வீடு தேறும்? தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டதே, எதற்காக? பெண் பிள்ளை பிறந்த வீட்டில் பெற்றவள் என்ன பாடுபட்டாள் என்பதற்கு வேறு சாட்சி தேவை இல்லை.

பேய் அல்ல!

ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இதைவிடக் கடுமையாக வரும். பிரசவமான சில நாளிலேயே தொடங்கும். ராத்திரி பகல் தூக்கம் கிடையாது. சம்பந்தம் இல்லாத பேச்சு. காதில் யாரோ பேசுவதாகச் சொல்வாள். பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பாள்.

உடனே வேப்பிலை, உடுக்கை, மந்திரிப்பு என்று கிளம்பிவிடுகிறார்கள். இது பேய் அல்ல. தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்தான அவசர வியாதி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேனியைத் தாண்டி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 108 வண்டிக்குச் சொல்லலாம்.

“சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்” என்ற பயமும் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் உள்ள தாயிடம் இருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெற 2009-ல் தனிப் பிரிவே திறந்தார்கள்.

ஜார்க்கண்டில் என்ன செய்தார்கள்?

இதற்கெல்லாம் பெரிய டாக்டர் வேண்டும், பெரிய பணம் வேண்டும் என்பது இல்லை. வடக்கே ஒரு ஆதிவாசிப் பகுதியில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களில் ‘ஏக்ஜுட்’ என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் மூன்று வருடம் ஒரு காரியம் செய்தது. கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டினார்கள். பல இடங்களில் ஏற்கெனவே இருந்த சேமிப்புக் குழுக்களையே பயன்படுத்திக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்தியவள் அதே பக்கத்துப் பெண். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. கையில் படம் போட்ட அட்டைகள். ஒரு கதை சொல்வாள். “இந்த மாதிரி நம்ம ஊரில் நடந்ததா? ஏன் நடந்தது? நாம என்ன செய்யலாம்?” என்று கேட்பாள். அவ்வளவுதான்.

பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். யார் வீட்டில் பிரசவம், யார் துணைக்குப் போவது, அவசரத்துக்குப் பணம் எங்கே எடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள்.

கூட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். 2010-ல் கணக்கு வெளியானது. கூட்டம் நடந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் சாவது 32 சதவீதம் குறைவு. மூன்றாவது வருடத்தில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைவு!

மருந்து கொடுக்கவில்லை. பணம் கொடுக்கவில்லை. கூடி உட்கார்ந்து பேசினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா

இன்னொரு வழியும் உண்டு. வியாதி வந்துவிட்டவளை வீட்டுக்கே போய்ப் பேசித் தேற்றுவது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் படித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் இருந்து மொத்தம் 16 முறை அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மாமியாரையும் கூட உட்கார வைத்துக்கொண்டு பேசினார்கள். “பிள்ளை நல்லா வளரணும்னா பெற்றவ நல்லா இருக்கணும்” என்று ஆரம்பித்தால் எந்த மாமியார் வேண்டாம் என்பாள்?

2008-ல் வந்த முடிவு இது: பிரசவமாகி ஆறு மாதத்தில், பேச்சுத்துணை கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. பேச்சுத்துணை கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு!

நம் நாட்டில் கோவாவிலும் இதே முறையைச் சாதாரணத் தாய்மார்களை வைத்தே செய்து பார்த்தார்கள். பிள்ளை பெற்று வளர்த்த அனுபவம் உள்ள உள்ளூர்ப் பெண்கள்தான் ‘சகி’. அதாவது தோழி. 2019-ல் வெளியான அந்த ஆய்விலும், சகி போய்ப் பேசிய தாய்மார்களில் அதிகம் பேர் ஆறு மாதத்தில் தெளிந்துவிட்டார்கள்.

ஏலக்காய் பறிக்கப் போகிற இடுக்கி மாவட்டம் இருக்கும் கேரளாவில், கர்ப்பிணிகளிடமும் பால் கொடுக்கும் தாய்மார்களிடமும் மனநிலையைக் கேட்டறிய ‘அம்மா மனசு’ என்று ஒரு திட்டமே உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேட்பதை இந்தப் பக்கமும் கேட்கலாமே!

போடியில் முடியுமா?

முடியும். ஆள் ஏற்கெனவே இருக்கிறது.

மகளிர் குழு என்ற யோசனைக்குத் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் பிள்ளையார்சுழி போட்டார்கள். இன்று குழு இல்லாத ஊர் கிடையாது. மாதச் சந்தாவும் கடனும் பேசுகிற அதே கூட்டத்தில், “இந்த மாசம் நம்ம தெருவில் பச்சை உடம்புக்காரி யாரு? யாரு போய்ப் பார்த்தது?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். கூட்டத்தை ஜீப் திரும்பி வந்த பிறகு வைக்க வேண்டும். பகலில் வைத்தால் ஊரில் ஆள் இருக்காது.

நர்சு, ஆஷா, அங்கன்வாடி டீச்சர் கையில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுக்கலாம். 1987-ல் எடின்பரோவில் உருவான கேள்வித்தாள் அது. தமிழிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்க ஐந்து நிமிடம் ஆகும். தாய்மார்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொல்லியிருக்கிறது.

கூலியும் முக்கியம். 1961-ம் ஆண்டு மகப்பேறு சட்டம் 12 வாரச் சம்பள விடுப்புக் கொடுத்தது. 2017-ல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆனது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதுதான். 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று ஜீப் போகிற இடத்தில் இறங்குகிறவள் 80 நாளை எந்த முதலாளியிடம் காட்டுவாள்? கையெழுத்துப் போட்ட சீட்டு கிடையாது. சட்டம் இருந்தும் கையில் காசு இல்லாமல் போவது இங்கேதான். ஆள் கூட்டிப் போகிறவர்கள் நாள் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியது போல.

வீட்டில் கவனிக்க வேண்டியது

மாலையில் வீடு திரும்பும் ஆண்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

உடம்புக்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலி, மூச்சுத்திணறல், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

மனசுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, வெறுப்பு இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தேனியிலும் உண்டு. 14416 என்ற நம்பருக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழில் பேசுவார்கள். காசு கிடையாது. 104-லும் கேட்கலாம். மாத்திரை வேண்டுமென்றால், பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரையும் உண்டு. டாக்டர் பார்த்துக் கொடுப்பார். செத்துப்போகலாம் என்று அவள் வாயில் வந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள்.

ராத்திரி ஒரு தடவை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குங்கள். பொம்பிளைப் பிள்ளையா என்று முகம் சுளிக்கிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். இதற்கு அரசாணை தேவை இல்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலக்காய் பிரிக்க வரும் பெண்ணுக்குக் கைப்பிள்ளை இருந்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க ஒரு மறைவும் கால் மணி நேரமும் கொடுங்கள். அதனால் கடையில் நட்டம் வந்துவிடாது.

போடியில் ஏலக்காய்க்கு உருண்டை பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். அதைப் பறிக்கிற கைக்கும் நாற்பது நாள் ஓய்வு கொடுத்து, நாலு வார்த்தை பேசிப் பார்க்கட்டும். செலவு அதிகம் இல்லை. கணக்கு கையில் இருக்கிறது. தொடங்க வேண்டியதுதான் பாக்கி!